விண்டோஸ் 11-க்கு மாறச் சொல்லிக் கணினி விடாமல் கேட்டால்: அறிகுறியைப் பார்த்து நிறுத்தும் வழிமுறை

விண்டோஸ் 10 கணினியில் "இப்போதே விண்டோஸ் 11-க்கு மாறுங்கள்" என்று வருகிற அழைப்பு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. தொடங்கும்போது திரை முழுவதையும் மறைப்பது ஒரு நிரல். செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நிற்பது இன்னொன்று. வலது மூலையில் எட்டிப் பார்ப்பது வேறொன்று. ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்துவிட்டு, நிற்கவில்லை என்றதும் விண்டோஸ் அப்டேட் சேவையையே முழுதாக முடக்கிவிடுகிறவர்கள் அதிகம். அப்படிச் செய்தால் அறிவிப்போடு பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுபோகும். அதைச் செய்யவே வேண்டாம். அழைப்பை மட்டும் நிறுத்திவிட்டுத் திருத்தங்களைத் தொடர்ந்து எடுக்க முடியும். கீழே இருப்பது முழுக்க அதற்கான வழிதான்.

மாறாமல் இருக்க நியாயமான காரணங்கள் உண்டு. புறக்கோட்டைக் கடை ஒன்றில் டொஸ் காலத்து பில் புரோகிராம் ஓடுகிறதென்றால், அது 32-பிட் விண்டோஸில்தான் ஓடும். 64-பிட் விண்டோஸ் எதுவும் 16-பிட் நிரலை ஏற்காது. விண்டோஸ் 11-க்கோ 32-பிட் பதிப்பே கிடையாது. கொட்டாஞ்சேனை அச்சகத்தில் பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கரில் செய்த பல வருடக் கோப்புகள் இருக்கும். வெள்ளவத்தை கொமினிகேஷன் கடையின் பழைய ஸ்கேனருக்குப் புதிய டிரைவர் வந்திருக்காது. இப்படிப்பட்ட கணினிகளை எந்த நாளில் மாற்றுவது என்பதை அதை வைத்துப் பிழைப்பவர்தான் முடிவு செய்யவேண்டும்.

தொடங்குமுன் பார்க்கவேண்டியவை

விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் "வின்வேர்" என்று ஆங்கில எழுத்தில் தட்டவும். பதிப்பு 22எச்2 என்று காட்டவேண்டும். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு அதுதான். 21எச்2 அல்லது அதற்குப் பழையது என்றால் முதலில் 22எச்2-க்கு வாருங்கள். பழைய பதிப்பில் நின்றுகொண்டு அழைப்பை மட்டும் தடுப்பதில் பயனில்லை.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட். அங்கே ஹோம் பதிப்பா புரோ பதிப்பா, 32-பிட்டா 64-பிட்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது பின்னால் தேவைப்படும். இரண்டாவது, டொஸ் காலத்து நிரல் ஓடக்கூடிய கணினியா என்று தெரிந்துகொள்ள.

அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில்தான் செய்யவேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்குமுன் "கிரியேட் எ ரிஸ்டோர் பொயின்ட்" என்று தேடி ஒரு மீட்புப் புள்ளி எடுத்துவிடுங்கள். சி டிரைவுக்கு புரொடெக்ஷன் ஓஃப் என்றிருந்தால் அதே பெட்டியில் ஓன் செய்யலாம். கடைக் கணக்கு, படங்கள் எல்லாவற்றுக்கும் வெளியே ஒரு பிரதி இருக்கட்டும்.

பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கே தமிழ் எழுத்தில் தரும் கட்டளைகளையும் பெயர்களையும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். இடைவெளி விட்டிருக்கும் இடத்தில் மட்டும் இடைவெளி விடுங்கள்.

"செட்டிங்ஸுக்குள்ள போனா விண்டோஸ் 11 ரெடி எண்டு நிக்குது"

முதலில் இதையே சரிசெய்யுங்கள். உண்மையில் டவுன்லோடைத் தொடக்குகிற இடம் இதுதான். மற்றவையெல்லாம் இங்கே வரச் சொல்லிக் கூப்பிடுபவை.

அழைப்புப் பெட்டியில் "டவுன்லோட் அண்ட் இன்ஸ்டால்" பொத்தானுக்குப் பக்கத்தில் "ஸ்டே ஒன் விண்டோஸ் 10 ஃபோர் நவ்" என்ற இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால் பெட்டி மறையும். ஆனால் "ஃபோர் நவ்" என்பதன் பொருள் இப்போதைக்கு என்பதுதான். சில வாரங்களில் திரும்பி வரும்.

நிலையான வழி, இந்தக் கணினி எந்தப் பதிப்பில் நிற்கவேண்டும் என்பதை விண்டோஸுக்கே எழுதிக் கொடுப்பது. நிறுவனங்களுக்கென்று மைக்ரோசொஃப்ட் வைத்திருக்கும் முறை இது. களவான வேலை எதுவும் இதில் இல்லை.

புரோ பதிப்பில்: விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் அழுத்தினால் வரும் அதே பெட்டியில் "ஜிபிஎடிட்.எம்எஸ்சி" என்று தட்டுங்கள். கம்பியூட்டர் கொன்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் கொம்போனன்ட்ஸ், விண்டோஸ் அப்டேட், விண்டோஸ் அப்டேட் ஃபோர் பிஸ்னஸ் என்று உள்ளே போனால் "செலக்ட் த டார்கெட் ஃபீச்சர் அப்டேட் வேர்ஷன்" என்ற வரி இருக்கும். அதை எனேபிள்ட் ஆக்கி, முதல் கட்டத்தில் "விண்டோஸ் 10" என்றும் இரண்டாவது கட்டத்தில் "22எச்2" என்றும் எழுதி ஓகே கொடுங்கள். ஒரே ஒரு கட்டம்தான் தெரிகிறதென்றால் அந்தக் கணினியில் பல மாத அப்டேட்கள் விடுபட்டிருக்கின்றன. அவற்றைப் போட்டுவிட்டு வாருங்கள்.

ஹோம் பதிப்பில் அந்தக் கருவி இல்லை. அதே அமைப்பை ரெஜிஸ்ட்ரியில் கையால் எழுதவேண்டும். "ரெஜ்எடிட்" திறந்து, எச்கீ_லோக்கல்_மெஷின், அதற்குள் சொஃப்ட்வெயார், பொலிசீஸ், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ் என்று இறங்குங்கள். விண்டோஸுக்குக் கீழே "விண்டோஸ்அப்டேட்" என்ற கோப்புறை இல்லாவிட்டால் வலது கிளிக், நியூ, கீ கொடுத்து அந்தப் பெயரிலேயே உருவாக்குங்கள். பெயர் ஒரே சொல்லாக இருக்கவேண்டும். அதற்குள் மூன்று பெறுமதிகள் வேண்டும்.

முதலாவது, 32-பிட் டிவேர்ட் (இலக்கம்) வகையில் "டார்கெட்ரிலீஸ்வேர்ஷன்", பெறுமதி 1.

இரண்டாவது, ஸ்ட்ரிங் (எழுத்து) வகையில் "டார்கெட்ரிலீஸ்வேர்ஷன்இன்ஃபோ", பெறுமதி 22எச்2.

மூன்றாவதும் ஸ்ட்ரிங் வகைதான்: "புரொடக்ட்வேர்ஷன்", பெறுமதி "விண்டோஸ் 10". இங்கே சொல்லுக்கும் இலக்கத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி கட்டாயம்.

கணினியை ரீஸ்டார்ட் செய்து, அப்டேட் பக்கத்தில் "செக் ஃபோர் அப்டேட்ஸ்" ஒருமுறை அழுத்துங்கள். அழைப்பு மறைந்து, பக்கத்தின் மேலே "சம் செட்டிங்ஸ் ஆர் மனேஜ்ட் பை யுவர் ஓர்கனைசேஷன்" என்ற வரி வந்திருக்கும். யாரோ கணினிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. நீங்கள் எழுதிய கட்டுப்பாட்டைக் கணினி ஏற்றுக்கொண்டது என்பதற்கு அந்த வரிதான் சாட்சி. அது வராவிட்டால்தான் எங்கோ பிழை.

பிழை வருவது பெரும்பாலும் நான்கு இடங்களில். லோக்கல்_மெஷினுக்குப் பதில் கரன்ட்_யூசரில் எழுதியிருப்பது ஒன்று. இரண்டாவது, டிவேர்டையும் ஸ்ட்ரிங்கையும் மாற்றிப் போடுவது. பெயர் சரியாக இருந்தாலும் வகை பிழையென்றால் விண்டோஸ் அதைப் படிக்காது. மூன்றாவது, "விண்டோஸ் 10" என்பதில் இடைவெளியை விழுங்கிவிடுவது. நான்காவது கண்ணுக்கே தெரியாது: வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது 22எச்2-க்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு வெற்றிடம். அதனால் இந்த மூன்றையும் ஒட்டாமல் கையால் தட்டுங்கள்.

ரெஜிஸ்ட்ரியைத் தொடத் தயக்கமென்றால் கிப்சன் ரிசேர்ச் வெளியிடும் "இன்கன்ட்ரோல்" என்ற சிறிய இலவச நிரல் இதே வேலையை ஒரு பொத்தானில் செய்யும். இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. திரும்ப விடுவிக்கவும் அதிலேயே வழி இருக்கிறது. "அப்டேட் பிளொக்கர்" என்ற பெயரில் திரிகிற மற்ற பல நிரல்கள் சேவையையே கொன்றுவிடுபவை, அவற்றைத் தவிருங்கள்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். ஆதரவு முடிந்த பதிப்பிலேயே இலக்கைப் பிடித்து வைத்தால் 60 நாட்களுக்குப் பின் கணினி தானாக அப்டேட் ஆகலாம் என்று மேலே சொன்ன "டார்கெட்" அமைப்பின் விளக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஆகவே எழுதிவிட்டு மறந்துவிடாதீர்கள். மாதம் ஒருமுறை அப்டேட் பக்கத்தைத் திறந்து, அழைப்பு திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். மாற விரும்பும் நாளில் மூன்று பெறுமதிகளையும் அழித்து ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் பழைய நிலைக்கு வரும்.

"லொகின் பண்ணினவுடன ஸ்கிரீன் முழுக்க மறைச்சுக்கொண்டு வருது"

டாஸ்க்பாரும் தெரியாமல், திரை முழுவதும் ஒரு மடிக்கணினிப் படத்தோடு வருகிற அழைப்பு இது. வாசகம் அடிக்கடி மாறும். அமைப்பு அவ்வளவாக மாறாது. ஏற்றுக்கொள்ளும் பொத்தான் நீல நிறத்தில் எடுப்பாக இருக்கும். "கீப் விண்டோஸ் 10" என்பது பெரும்பாலும் நிறமே இல்லாமல் ஓரமாக, வெறும் எழுத்தாக இருக்கும். அதை அழுத்தினால் இன்னொரு பக்கம் வந்து திரும்பவும் கேட்கும், அங்கேயும் மறுக்கவேண்டும். காலையில் கடையைத் திறந்து, பாஸ்வேர்ட் தட்டிய பழக்கத்தில் என்டரை இரண்டாம் தரமும் அழுத்திவிடுகிற கை இங்கேதான் மாட்டும். இந்தத் திரை வந்தால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, மவுஸால் மட்டும், வாசித்து அழுத்துங்கள்.

இதைக் காட்டுவது ரக்ஸிம் என்ற பகுதி. ஆங்கிலத்தில் ஆர், யு, எக்ஸ், ஐ, எம் என்ற ஐந்து எழுத்துகள். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அந்தப் பெயரிலேயே ஒரு கோப்புறை இருக்கும். கொண்டுவந்து சேர்ப்பது கேபி5001716 என்ற இலக்கமுள்ள அப்டேட். மாதாந்தப் பாதுகாப்புத் திருத்தங்களில் இது சேராது, ஆகவே எடுத்துவிடலாம்.

செட்டிங்ஸ், அப்ஸ் பட்டியலில் தேடும் கட்டத்தில் 5001716 என்று தட்டுங்கள். வந்தால் அன்இன்ஸ்டால். அங்கே இல்லையென்றால் அப்டேட் பக்கத்தில் "வியூ அப்டேட் ஹிஸ்டரி", "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்" வழியாகப் பாருங்கள். பிறகு டாஸ்க் ஷெடியூலரைத் திறந்து டாஸ்க் ஷெடியூலர் லைப்ரரி, மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், விண்டோஸ்அப்டேட், ரக்ஸிம் என்று இறங்கினால் "பிளக்ஷெடியூலர்" என்ற வேலை இருக்கும். வலது கிளிக் செய்து டிஸேபிள் கொடுங்கள், டிலீட் வேண்டாம். பின்னால் ஏதாவது மாறினால் எதை நிறுத்தினோம் என்பது கண்ணுக்குத் தெரியவேண்டும்.

கேபி5001716 திரும்பத் திரும்ப வந்து உட்காரும் குணமுள்ளது. இரண்டு மாதம் கழித்து அதே திரை வந்தால் நீங்கள் செய்தது பிழை என்று நினைக்கவேண்டாம்; அப்டேட் ஹிஸ்டரியில் அந்த இலக்கம் புதுத் திகதியோடு நிற்கும். மறுபடி எடுத்துவிடுங்கள். சில கணினிகளில் அது உள்ளே வர முடியாமல் 0எக்ஸ்80070643 என்ற பிழை இலக்கத்தோடு தோற்றுக்கொண்டேயிருக்கும். அதற்கும் பரிகாரம் அப்ஸ் பட்டியலில் இருக்கும் பழைய பிரதியை நீக்குவதுதான்.

மேலே எழுதிய பதிப்புக் கட்டுப்பாடு இந்தத் திரையை எப்போதும் நிறுத்திவிடும் என்று எதிர்பார்க்கவேண்டாம். கட்டுப்பாடு இன்ஸ்டால் ஆவதைத் தடுக்கிறது. திரை வருவது வேறு வழி. ஆனால் அது இருந்தால், யாராவது தவறி நீலப் பொத்தானை அழுத்திவிட்டாலும் அப்டேட் பக்கம் வழியாக விண்டோஸ் 11 இறங்காது. அதனால்தான் அதை முதலில் வைத்தோம்.

"அப்டேட் முடிஞ்சா நீலமா ஒரு பக்கம், செட்டப்பை முடி எண்டு கேக்குது"

இது விண்டோஸ் 11-க்கான அழைப்பே இல்லை. ஒன்டிரைவ், எட்ஜ், மைக்ரோசொஃப்ட் 365 ஆகியவற்றைத் தொடங்கச் சொல்லும் பக்கம். "ரிமைண்ட் மீ இன் 3 டேய்ஸ்" என்று கீழே இருப்பதை அழுத்திக்கொண்டே இருந்தால் மூன்று நாளைக்கொருமுறை வந்துகொண்டே இருக்கும்.

செட்டிங்ஸ், சிஸ்டம், நொட்டிபிகேஷன்ஸ் அண்ட் அக்ஷன்ஸ். மேல்பகுதியில் "சஜெஸ்ட் வேய்ஸ் ஐ கேன் ஃபினிஷ் செட்டிங் அப் மை டிவைஸ்" என்று தொடங்கும் வரியின் டிக்கை எடுங்கள். அதற்கு மேலும் கீழும் உள்ள "வெல்கம் எக்ஸ்பீரியன்ஸ்", "டிப்ஸ், ட்ரிக்ஸ், அண்ட் சஜெஷன்ஸ்" வரிகளையும் எடுத்துவிடலாம்.

இந்த மூன்றும் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி. முதலாளி கணக்கில் நிறுத்திவிட்டு, காஷியர் கணக்கில் திரும்ப வருகிறது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். எத்தனை கணக்கு இருக்கிறதோ அத்தனையிலும் போய் டிக்கை எடுக்கவேண்டும்.

மூலையில் வந்து மறையும் சிறு அறிவிப்பு

எது பேசுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அறிவிப்பு வந்தவுடன் மூடாமல், வலது கீழ் மூலையில் அக்ஷன் சென்டரைத் திறந்தால் அனுப்பிய நிரலின் பெயருக்குக் கீழே அது நிற்கும். பிசி ஹெல்த் செக் என்றிருந்தால் அப்ஸ் பட்டியலில் அதை நீக்கிவிடுங்கள். கேபி5005463 அதை மீண்டும் கொண்டுவந்தால் மறுபடி நீக்கலாம். விண்டோஸ் 11 இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்ட் என்றிருந்தால் யாரோ ஒருநாள் டவுன்லோட் செய்து பாதியில் விட்டிருக்கிறார்கள்; அதையும் நீக்குங்கள். குரோம், எட்ஜ் என்றிருந்தால் அது விண்டோஸின் வேலையே இல்லை. அதற்கான பகுதி கீழே இருக்கிறது.

"இந்த மெஷினுக்குச் சரிவராது எண்டும் சொல்லுது, மாறு எண்டும் சொல்லுது"

விண்டோஸ் 11 கேட்பவை: டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் சில்லு), செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த பிராசஸர். பம்பலப்பிட்டியில் வாங்கிய பாவித்த மடிக்கணினிகளில் 6-ஆம், 7-ஆம் தலைமுறை ஏராளம். அவற்றில் அப்டேட் பக்கம் "மினிமம் சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்" போதாது என்று ஒரு வரி காட்டும். அந்த வரி இருக்கும்வரை விண்டோஸ் 11 தானாக இறங்காது. அதை மறைப்பதற்கென்று தனியாக எதுவும் செய்யத் தேவையில்லை.

தகுதியுள்ள கணினியில், விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் பயோஸ் அமைப்புக்குள் போய் டிபிஎம்மை நிறுத்திவிட்டால் அழைப்பு நின்றுவிடும் என்று சிலர் சொல்லித் தருகிறார்கள். செய்யாதீர்கள். டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் போட்டிருக்கும் மடிக்கணினி அடுத்த தொடக்கத்தில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது உங்களிடம் இல்லையென்றால் அந்த டிரைவில் இருக்கும் அத்தனையும் போனதுதான். "பின்" என்ற இரகசிய இலக்கத்தால் லொகின் செய்வதும் குழம்பும். ஒரு விளம்பரத்தை நிறுத்துவதற்குக் கொடுக்கக்கூடிய விலை அல்ல அது.

"சப்போர்ட் முடிஞ்சுது எண்டு வருது"

இந்த அறிவிப்பு உண்மை. 2025 ஒக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. இதை வாயடைப்பதைவிட இதற்குப் பதில் சொல்வதே முறை.

தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு நீடித்த பாதுகாப்புத் திருத்தம், அதாவது இஎஸ்யூ என்ற திட்டத்தை மைக்ரோசொஃப்ட் 2026 ஒக்டோபர் 13 வரை அறிவித்தது. அதில் சேர மூன்று வழிகள்: கணினியின் செட்டிங்ஸை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்தால் கட்டணமில்லை, ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 இருந்தால் அதைக் கொடுக்கலாம், அல்லது ஒருமுறை 30 டொலர். ஒரே கணக்கில் 10 கணினிகள் வரை சேர்க்கலாம், ஆகவே வீட்டில் மூன்று கணினி இருந்தால் மூன்று தரம் காசு கட்டவேண்டாம்.

அப்டேட் பக்கத்தின் வலப்பக்கத்தில் அல்லது மேலே "என்ரோல் நவ்" என்ற இணைப்பு வரும். வராவிட்டால் பார்க்கவேண்டியவை: பதிப்பு 22எச்2 தானா, கணக்கு அட்மினிஸ்ட்ரேட்டரா, 2025 ஓகஸ்ட்டில் வந்த கேபி5063709 அல்லது அதற்குப் பிந்திய மாதாந்த அப்டேட் போட்டாயிற்றா. அதற்கு முந்திய நிலையில் சேரும் ஜன்னல் திறந்த கையோடு மூடிக்கொள்ளும் கோளாறு இருந்தது. அந்த அப்டேட்தான் அதைத் திருத்தியது. அலுவலக டொமைனில், அதாவது நிறுவனம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் வலையமைப்பில், சேர்ந்த கணினிகள் இந்தத் திட்டத்துக்குள் வராது. அவற்றுக்கு நிறுவன உரிமம் தனி.

இலவச வழியில் சேரும்போது விண்டோஸ் பேக்கப் உங்கள் டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ் கோப்புறைகளையும் ஒன்டிரைவுக்கு ஏற்றவா என்று கேட்கும். திட்டத்துக்கு அது தேவையில்லை. செட்டிங்ஸை மட்டும் விட்டு, கோப்புறைகளை ஓஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி நிரம்பி, "இடம் போதாது" என்ற புது அறிவிப்பு ஒன்று தொடங்கும். வீட்டு டேட்டாவும் கரையும்.

இஎஸ்யூவில் சேர்ந்தாலும் விண்டோஸ் 11 அழைப்பு நிற்காது. சேர்வதையும் செய்யுங்கள், மேலே சொன்ன பதிப்புக் கட்டுப்பாட்டையும் எழுதுங்கள். இரண்டும் ஒன்றையொன்று குழப்பாது. ஒரு மாதமும் தவறாமல் திருத்தம் வருகிறதா என்று அப்டேட் ஹிஸ்டரியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஒண்டும் பாக்கேல்ல, டேட்டா முடிஞ்சுது, சி டிரைவும் சிவப்பா நிக்குது"

செட்டிங்ஸ், நெட்வர்க் அண்ட் இன்டர்நெட், டேட்டா யூஸேஜ் பக்கத்தில் 30 நாளில் எந்த நிரல் எவ்வளவு எடுத்தது என்று வரிசையாக இருக்கும். "சிஸ்டம்" என்ற வரி பல ஜிபி காட்டினால் பின்னணியில் அப்டேட் எடுத்திருக்கலாம். விண்டோஸ் 11 முழுதாக இறங்கினால் பல ஜிபி. மாதக் கணக்குள்ள ரவுட்டரில் அது பெரிய துண்டு.

சி டிரைவில் மறைந்திருக்கும் கோப்புறைகளைக் காட்டச் செய்தால், டொலர் குறியோடு தொடங்கி, விண்டோஸ் என்ற பெயரும் ஒரு அலைக்குறியும் பிடி என்ற இரு எழுத்துகளும் கொண்ட கோப்புறை தெரியலாம். பாதி இறங்கிய விண்டோஸ் 11 அதற்குள்தான் கிடக்கும். கையால் அழிக்க முயன்றால் உரிமை இல்லை என்று மறுக்கும். டிஸ்க் கிளீன்அப் திறந்து, "கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்" அழுத்தி, "டெம்பரரி விண்டோஸ் இன்ஸ்டலேஷன் ஃபைல்ஸ்" என்பதில் டிக் போட்டு அழியுங்கள். பதிப்புக் கட்டுப்பாட்டை எழுதிய பிறகு இதைச் செய்யவேண்டும். முதலில் இதைச் செய்தால் அதே கோப்புறை திரும்ப நிரம்பும்.

பிறகு அந்த வைஃபை இணைப்பின் புரொப்பர்ட்டீஸில் "செட் ஆஸ் மீட்டர்ட் கனெக்ஷன்" (டேட்டா அளவுக் கட்டுப்பாடுள்ள இணைப்பு) என்பதை ஓன் செய்யுங்கள். இது ஒவ்வொரு இணைப்புக்கும் தனி: வீட்டு ரவுட்டருக்குப் போட்டால் போன் ஹொட்ஸ்பொட்டுக்குப் போட்டதாகாது. அப்டேட் பக்கத்தின் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் மீட்டர்ட் இணைப்பிலும் டவுன்லோட் செய் என்ற வரி ஓஃப் ஆக இருக்கவேண்டும். மீட்டர்ட் போட்ட கணினியில் பெரும்பாலான அப்டேட்களும் காத்துக்கிடக்கும். ஆகவே மாதத்தில் ஒருநாள் நீங்களே டவுன்லோட் பொத்தானை அழுத்தவேண்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் பெரும்பாலும் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க நேரத்தில் வெளியாகும். கொழும்பில் அது செவ்வாய் இரவு. உங்கள் பேக்கேஜில் இரவு டேட்டா தனியாக இருந்தால் அந்த வாரத்தில் ஒரு இரவை அதற்கு ஒதுக்குங்கள்.

"காலமை வந்து பாத்தா மாறியிருக்கு"

மாறிவிட்டால் 10 நாள் இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி, "கோ பேக்". கோப்புகள் அப்படியே இருக்கும். மாறிய பிறகு இன்ஸ்டால் செய்த நிரல்கள் போய்விடும். பழைய விண்டோஸ் முழுவதும் விண்டோஸ்.ஓல்ட் என்ற கோப்புறையில் இருப்பதால்தான் திரும்ப முடிகிறது. இடம் போதவில்லை என்று அதை அழித்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

திரும்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்க நேரம் வேண்டுமென்றால், அந்த 10 நாளுக்குள் கமாண்ட் புரொம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து "டிஐஎஸ்எம் /ஒன்லைன் /செட்-ஓஎஸ்அன்இன்ஸ்டால்விண்டோ /வேல்யூ:60" என்று கொடுங்கள். அவகாசம் 60 நாளாகும். திரும்பும்போது கணினி பலமுறை தானே ரீஸ்டார்ட் ஆகும். யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினியில் இதை மின்சாரம் வெட்டுப்படும் நாளில் தொடங்கவேண்டாம். மடிக்கணினியை சார்ஜரில் வைத்துத்தான் தொடங்கவேண்டும். திரும்பி வந்தவுடன் முதல் வேலை பதிப்புக் கட்டுப்பாட்டை எழுதுவது.

இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிற கணினிகள்

2020 ஜனவரி 14-இல் இதன் ஆதரவு முடிந்தது. முழுத்திரையில் அதைச் சொல்லும் அறிவிப்பில் "டோன்ட் ரிமைண்ட் மீ அகெய்ன்" அழுத்தினால் போதும். "கெட் விண்டோஸ் 10" சின்னம் இன்னும் டாஸ்க்பாரில் நிற்கிறதென்றால் அது 2015-இல் வந்த கேபி3035583. அதை அன்இன்ஸ்டால் செய்து, அப்டேட் பட்டியலில் ஹைட் செய்துவிடுங்கள். அந்த இலவசச் சலுகை 2016 ஜூலை 29-உடன் முடிந்தது. இந்தக் கணினிகளில் அறிவிப்பைவிடப் பெரிய விஷயம் இணைய இணைப்பு: பில் அடிப்பதற்கு மட்டும் என்றால் கேபிளைக் கழற்றியே வையுங்கள், வங்கி வேலைக்கு அதைத் தொடாதீர்கள்.

போலி அறிவிப்பு

திரை நிறைந்து, சத்தத்தோடு, "உங்கள் விண்டோஸ் பூட்டப்பட்டது" என்று ஒரு தொலைபேசி இலக்கத்தோடு வந்தால் அது மோசடி. மைக்ரோசொஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி இலக்கம் இருப்பதில்லை. ஆல்ட், டாப் அழுத்திப் பாருங்கள். பிரவுசரின் பெயர் வந்தால் அது வெறும் இணையப் பக்கம். எஃப்11 அல்லது எஸ்கேப்பை அழுத்திப் பிடித்துத் திரையைச் சுருக்கி, டாஸ்க் மனேஜரில் பிரவுசரை மூடுங்கள். திரும்பத் திறக்கும்போது பழைய பக்கங்களை ரிஸ்டோர் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூலையில் வரும் சிறு போலிகளுக்கு, குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நொட்டிபிகேஷன்ஸ் போய், அனுமதி பெற்ற தளங்களில் தெரியாத பெயர்களை எல்லாம் ரிமூவ் செய்யுங்கள். படம் பார்க்கப் போன தளத்தில் "அலவ்" அழுத்தியதால் வந்தவை அவை.

அந்த இலக்கத்துக்கு அழைத்து, அவர்கள் சொன்ன தொலைக்கட்டுப்பாட்டு நிரலையும் போட்டுவிட்டிருந்தால் உடனே இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லை மாற்றி, வங்கிக்கும் சொல்லுங்கள். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் அமைப்பில் முறையிடலாம். நிரலை நீக்குவது அதற்குப் பிறகுதான்.

மேக், உபுண்டு பாவிப்பவர்களுக்கு

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், சொஃப்ட்வெயார் அப்டேட் பக்கத்தில் ஒட்டோமேட்டிக் அப்டேட்ஸுக்குப் பக்கத்து ஐ குறியை அழுத்தி, புதிய பதிப்புகளைத் தானாக இறக்குவதையும் போடுவதையும் ஓஃப் செய்யுங்கள். பாதுகாப்புக் கோப்புகளுக்கான கடைசி வரியை மட்டும் ஓனில் விடுங்கள். உபுண்டுவில் சொஃப்ட்வெயார் அண்ட் அப்டேட்ஸ், அப்டேட்ஸ் பக்கத்தில் புதிய பதிப்பைப் பற்றி அறிவிக்கும் வரியை "நெவர்" ஆக்கினால் முடிந்தது.

ஒரே இடத்தில் பல கணினிகள்

டியூஷன் வகுப்பு, கொமினிகேஷன் கடை, அச்சகம் என்று பத்துக் கணினி இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றிலும் மூன்று பெறுமதியைத் தட்டுவது பிழைக்கு இடம் கொடுக்கும். ஒன்றில் சரியாக எழுதி, ரீஸ்டார்ட் செய்து, "மனேஜ்ட் பை யுவர் ஓர்கனைசேஷன்" வரியைக் கண்ணால் கண்ட பிறகு, ரெஜ்எடிட்டில் அந்த விண்டோஸ்அப்டேட் கோப்புறையை வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து பென் டிரைவில் சேமியுங்கள். மற்றக் கணினிகளில் அந்தக் கோப்பை டபுள் கிளிக் செய்து யெஸ் சொன்னால் மூன்றும் எழுதப்படும். எல்லாம் விண்டோஸ் 10-தான் என்று முதலில் வின்வேர் பார்த்து உறுதிசெய்யுங்கள். விண்டோஸ் 11 உள்ள கணினியில் "விண்டோஸ் 10" என்று எழுதிய கோப்பைப் போட்டால் அதன் பதிப்பு அப்டேட்கள் நின்றுபோகலாம். எந்தக் கணினிக்கு எந்தத் திகதியில் போட்டீர்கள் என்று கேசிங்கின் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை பார்க்க வருகிறவர் அந்தச் சிறு வரியைப் பார்த்து விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடாமல் இருப்பார்.